20,200 கிலோமீட்டரும் ஒரு மீட்டர் கேபிளும்

சித்தப்பா அந்த ஜிபிஎஸ் கருவியை என் கையில் கொடுத்தபோது சொன்னது ஒரே வாக்கியம்தான். "எல்லாம் உள்ளேதான்டா இருக்கு, வெளியே எடுக்கத்தான் எனக்கு வழி தெரியல."

அவர் பல வருடங்கள் ஒரு மலையோடை பிறக்கும் இடத்தைத் தேடி நடந்தவர். ஊற்று, பாறை, ஓடையைக் கடக்கும் இடம், பெருமரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் குறித்து வைத்திருந்தார். மொத்தம் 143 புள்ளிகள். கருவி 2001-இல் வாங்கியது. இரண்டு டபுள் ஏ பேட்டரி, சாம்பல் நிறத் திரை, 12 சேனல். முதுகில் ரப்பர் மூடிக்குள் நான்கு சின்னஞ்சிறு உலோக முனைகள். அதில் செருகுவதற்கு ஒரு கேபிள், அதன் மறுமுனையில் ஒன்பது துளை கொண்ட சீரியல் பிளக். என் லேப்டாப்பின் ஓரத்தில் இருப்பதோ இரண்டே இரண்டு டைப்-சி துளைகள்.

கேபிளைத் தொடும் முன்பே ஒரு வேலை செய்தேன். புதிய பேட்டரி போட்டு, ஒவ்வொரு புள்ளியாகத் திறந்து, திரையைக் கைபேசியில் படம் எடுத்தேன். 143 படங்கள். இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றில் நினைவகத்தைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறிய பேட்டரிதான். அது எப்போது ஓய்ந்துபோகும் என்று வெளியிலிருந்து தெரியாது. கேபிள், டிரைவர், மென்பொருள் எல்லாம் அதற்குப் பிறகு.

பிறகு கருவியைத் திறந்தவெளியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடம் கழித்துத் திரையில் செயற்கைக்கோள்களின் பட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. செயற்கைக்கோள் தன் தகவலை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. தன்னுடைய துல்லியமான பாதையை 30 வினாடிக்கு ஒருமுறை சொல்லிவிடும். ஆனால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்கிற மொத்த அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். பல வருடம் தூங்கிய கருவியிடம் இருந்த அட்டவணை காலாவதியாகியிருந்தது. அது வானத்தை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டது.

அந்தக் காட்சியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த அலை தரையைத் தொடும்போது அதன் வலு ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். 2018 டிசம்பரிலிருந்து மூன்றாம் தலைமுறை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை ஏவி வருகிறார்கள். இந்தக் கருவி செய்யப்பட்டபோது அவை பூமியிலேயே இல்லை. ஆனாலும் அவையும் 1575.42 மெகாஹெர்ட்ஸில் அதே பழைய சிவிலியன் சமிக்ஞையைச் சேர்த்தே அனுப்புகின்றன. எனவே 2001-ஆம் ஆண்டுக் கருவிக்கு அவற்றின் பேச்சும் புரிகிறது. வானத்தோடு இருக்கும் தொடர்பில் எந்தப் பழுதும் இல்லை. அறுந்திருந்தது கருவிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருக்கும் ஒரு மீட்டர்தான்.

அந்த ஒரு மீட்டருக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் பிடிபட்டது. உலோக முனை, கேபிள், மின்னழுத்தம், சீரியலை யுஎஸ்பியாக்கும் மாற்றிக்குள் இருக்கும் சிப், டிரைவர், போர்ட் எண், வேகம், மொழி. இதில் எந்த ஒன்று பிசகினாலும் வெளியே தெரிகிற விளைவு ஒன்றுதான், திரையில் உருப்படியாக எதுவும் வராது. அதனால்தான் பலர் "கருவி போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவி போயிருக்காது.

முதலில் மின்னழுத்தம். சீரியல் போர்ட்டுக்கான பொது வரையறையான ஆர்எஸ்-232 பிறந்தது 1960-இல். அதில் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, 0 என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை. இன்றைய சிறு மின்னணுப் பலகைகளோ 0-க்கும் 3.3-க்கும் இடையில் பேசுகின்றன, அதுவும் தலைகீழாக. இரண்டுக்கும் "சீரியல்" என்றே பெயர் இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பலகைகளுக்கான மலிவான யுஎஸ்பி-டிடிஎல் கம்பியை எடுத்து ஆர்எஸ்-232 கருவியில் நேராக இணைத்தால் குப்பை எழுத்துகள்தான் வரும். மோசமானால் சிப் எரிந்துபோகும். நமக்குத் தேவை ஒன்பது ஊசி கொண்ட, ஆர்எஸ்-232 என்றே குறிப்பிட்டிருக்கும் யுஎஸ்பி மாற்றி. டைப்-சி துளைக்கு, யுஎஸ்பி-ஏ பிளக்கை ஏற்கும் சின்ன இணைப்பு ஒன்று போதும், அங்கே எந்த வித்தையும் இல்லை.

கருவியோடு வந்த கேபிள் இருந்தால் அதைக் கண்ணைப் போலக் காத்துக்கொள்ளுங்கள். கருவியின் பக்கத்து முனை அந்தந்தத் தயாரிப்பாளரின் சொந்த வடிவம், வேறெதுவும் அதில் பொருந்தாது. கேபிள் தொலைந்து நீங்களே செய்வதானால் வேண்டியது மூன்று கம்பிதான்: கருவியின் வெளியீடு கணினியின் 2-ஆம் ஊசிக்கு, உள்ளீடு 3-க்கு, தரை 5-க்கு. நான்காவது முனை மின்சாரத்துக்கானது, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்தது சிப். என்னிடம் ஏற்கெனவே ஒரு யுஎஸ்பி மாற்றி இருந்தது. செருகினேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தது: இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, பிழைக் குறியீடு 10. கேபிளை மாற்றினேன், துளையை மாற்றினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் தெரிந்தது, அந்த மாற்றிக்குள் இருந்தது பெயர் பெற்ற ஒரு சிப்பின் போலி நகல். அசல் சிப்பின் புதிய டிரைவர் போலியை அடையாளம் கண்டு வேலை செய்ய மறுக்கிறது. அந்த மறுப்பை மனிதருக்குப் புரியும் வார்த்தையில் சொல்லியிருந்தால் என் மாலை மிஞ்சியிருக்கும். வாங்குகிறவருக்கோ பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது அசலா போலியா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. பழைய கருவியை வைத்துக்கொண்டு போராடும் எத்தனை பேர் இந்த இடத்தோடு நின்றுவிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இரண்டாவதாக எஃப்டிடிஐ என்கிற நிறுவனத்தின் சிப் கொண்ட ஒரு மாற்றியை நண்பரிடம் இரவல் வாங்கினேன். செருகியதும் விண்டோஸ் அதற்கு ஒரு காம் போர்ட் எண் கொடுத்தது. இந்த இடத்தில் கருவியை உடனே இணைக்காமல் ஒரு சோதனை செய்வது நல்லது. மாற்றியின் 2-ஆம் ஊசியையும் 3-ஆம் ஊசியையும் ஒரு காகிதக் கிளிப்பால் சேர்த்துப் பிடியுங்கள். போர்ட்டில் வருவதையும் போவதையும் எழுத்தாகக் காட்டும் புட்டி போன்ற ஒரு டெர்மினல் நிரலில் அந்தப் போர்ட்டைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வந்தால் லேப்டாப்பிலிருந்து அந்த ஊசி முனை வரை எல்லாம் சரி. கிளிப்பை எடுத்தால் எழுத்து நிற்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் பாதி அடுக்குகளின் மீதான சந்தேகத்தை ஒரே அடியாகத் துடைத்துவிடும். எனக்கு எழுத்து திரும்பி வந்தது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. பரவலான சிப்களின் டிரைவர்கள் எல்லாம் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கும், /dev/ttyUSB0 என்று சாதனம் தானாக வந்து நிற்கும். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் உங்கள் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி இல்லை என்று சொல்லும். சாதனம் வந்த வேகத்தில் மறைந்தால் வேறு ஏதோ நிரல் அதைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். மோடம் மேனேஜர் அதை ஒரு மோடம் என்று எண்ணிப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கும். பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல், சில மாற்றிகளில் இருக்கும் சிஎச்340 சிப்பைப் பிரெயில் கருவி என்று எண்ணிச் சொந்தம் கொண்டாடுவதும் உண்டு.

கருவியை இணைத்தேன். அதன் இடைமுக மெனுவில், ஜிபிஎஸ் கருவிகள் தம் இடத்தைச் சொல்லும் பொது மொழியான என்எம்இஏ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் எழுத்துகள் பாய்ந்தன, ஆனால் எல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளும். எனக்கு அது மகிழ்ச்சியான தருணம். குப்பை வருகிறது என்றால் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, வேகம் மட்டும்தான் பொருந்தவில்லை. டெர்மினல் வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் இருந்தது. என்எம்இஏ 0183-இன் வழக்கமான வேகம் 4800, எட்டு டேட்டா பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். மாற்றினேன். வரிகள் தெளிந்தன. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் டாலர் குறி, பிறகு அந்த வரியின் வகைப்பெயர்: ஜிபிஜிஜிஏ, ஜிபிஆர்எம்சி (சுருக்கமாக ஆர்எம்சி), ஜிபிஜிஎஸ்வி. கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகள், காற்புள்ளிகள், எண்கள்.

இந்த மொழியை 1983-இல் வெளியிட்டது அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம். கப்பலில் ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேச வேண்டும் என்பதற்காக உருவானது. அதனால்தான் ஆர்எம்சி வரியில் வேகம் இன்றும் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வருகிறது. கிலோமீட்டராக்க 1.852-ஆல் பெருக்க வேண்டும். 4800 வேகத்தில் வினாடிக்கு 480 எழுத்துதான் போகும், ஒரு வரி 82 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு இலக்கம் வரும். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட எல்லா எழுத்துகளையும் எக்ஸ்ஆர் என்கிற பிட் கணக்கால் ஒன்றாகச் சேர்த்தால் கிடைக்கும் விடை அது. வழியில் ஒரே ஓர் எழுத்து சிதைந்தாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு சிக்கனமாக, இவ்வளவு நேர்மையாக ஒரு மொழியை வடித்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

படிக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அட்சரேகை 1530.000 என்று வந்தால் அது 15.30 டிகிரி அல்ல. 15 டிகிரி, 30 நிமிடம், அதாவது 15.5 டிகிரி. இதைப் பிரிக்காமல் அப்படியே வரைபடத்தில் போட்டால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தள்ளிப்போய் நிற்கும். கருவி தவறு காட்டுகிறது என்று வரும் புகார்களில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. கருவியின் அமைப்பில் டேட்டம், அதாவது அட்சரேகை தீர்க்கரேகையை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பூமியின் மாதிரி, டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். யாராவது என்றைக்கோ பழைய தாள் வரைபடத்துக்காக அதை மாற்றி வைத்திருந்தால் புள்ளிகள் சில நூறு மீட்டர் நகர்ந்து தெரியக்கூடும்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கருவியோடு மாற்றியைச் செருகினேன். கர்சர் துள்ள ஆரம்பித்தது. மூலைக்கு ஓடியது, தானாக கிளிக் செய்தது, கோப்புகளைத் திறந்து மூடியது. வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தேன், பதறிப்போய்க் கேபிளைப் பிடுங்கினேன். கர்சர் அடங்கியது. செருகினால் மறுபடியும் துள்ளல்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் மவுஸும் சீரியல் போர்ட்டில்தான் வந்தது. புதிதாக ஒரு சீரியல் போர்ட் முளைத்ததும் அதில் பைட்டுகள் தாமாக வந்துகொண்டிருந்தால், அது சீரியல் மவுஸாக இருக்கலாம் என்று ஊகிக்கும் வழக்கம் இயங்குதளத்துக்குள் இன்னும் மிச்சமிருக்கிறது. என் கருவி வினாடிதோறும் சொல்லிக்கொண்டிருந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் மவுஸ் அசைவாக மொழிபெயர்க்கப்பட்டுக் கர்சரை இழுத்தன. தீர்வு மூன்று. மாற்றியை முதலில் செருகிவிட்டு, போர்ட் வந்த பிறகு கருவியை இயக்கலாம். அல்லது டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் முளைத்திருக்கும் "சீரியல் பால்பாயின்ட்" என்பதை முடக்கலாம். முடக்கத்தான் வேண்டும், நீக்கினால் திரும்ப வந்துவிடும். எஃப்டிடிஐ மாற்றியானால் போர்ட்டின் மேம்பட்ட அமைப்பில் சீரியல் எனுமரேட்டர் என்கிற தேர்வை எடுத்துவிடலாம். நான் கடைசி வழியைத் தேர்ந்தேன், அதன் பிறகு கர்சர் துள்ளவில்லை.

இடம் சரி, நேரம் சரி. தேதி மட்டும் பொருந்தவில்லை. அன்று 2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. ஆர்எம்சி வரி சொன்னது 2005 மே 29. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டுக்கும் இடையே சரியாக 7,168 நாள், அதாவது 1,024 வாரம். ஜிபிஎஸ் தன் வாரங்களை 1980 ஜனவரி 6-லிருந்து எண்ணுகிறது. பழைய சமிக்ஞையில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் பத்தே பிட். 1,023-க்குப் பிறகு எண் சுழியத்துக்குத் திரும்பிவிடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை திரும்பியது, 2019 ஏப்ரலில் மறுமுறை. இனி 2038 நவம்பரில் திரும்பும். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவியே ஊகிக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டு மென்பொருளின் ஊகம் ஒரு சுற்று பின்தங்கிவிட்டது. இடத்தைக் கணக்கிட வாரத்துக்குள் கடந்த நேரம் போதும் என்பதால் அட்சரேகை, தீர்க்கரேகையில் பிழை வரவில்லை. தடத்தைப் பதிவுசெய்து, புகைப்படங்களோடு நேரம் பார்த்துப் பொருத்துகிறவர்கள் மட்டும் 7,168 நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நடந்தும் சித்தப்பாவின் 143 புள்ளிகளில் ஒன்றுகூட இன்னும் லேப்டாப்புக்கு வரவில்லை. என்எம்இஏ சொல்வது இந்த நொடியில் எங்கே நிற்கிறேன் என்பதைத்தான். நினைவகத்தில் கிடப்பதை எடுக்கத் தயாரிப்பாளரின் சொந்த மொழியில் கேட்க வேண்டும். கருவியோடு வந்த குறுந்தகட்டில் அதற்கான மென்பொருள் இருந்தது. ஆனால் அது 16 பிட் காலத்து நிரல், 64 பிட் விண்டோஸில் ஓடாது.

இங்கே கைகொடுத்தது ஜிபிஎஸ்பேபல். திறமூல நிரல், இலவசம், பழைய கருவிகளின் மொழிகள் பலவற்றை அறிந்தது. அது அறிந்திருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. என் கருவியைச் செய்தவர்கள் அந்தச் சொந்த மொழியின் இலக்கணத்தை அந்தக் காலத்திலேயே ஆவணமாக வெளியிட்டிருந்தார்கள். யாரோ அதை எடுத்துப் படித்து நிரலாக்கினார்கள், இன்னும் சிலர் பராமரிக்கிறார்கள். இந்த ஒரு வாரத்தில் என்னைத் தடுத்ததையும் உதவியதையும் எண்ணிப் பார்க்கிறேன். ஜிபிஎஸ் சமிக்ஞையின் விவரக்குறிப்பு பொதுவில் இருக்கிறது. என்எம்இஏ வரியைக் கண்ணால் படிக்கலாம். புள்ளிகளை எடுக்கும் மொழியும் வெளியிடப்பட்டது. உதவிய மூன்றும் அப்படி. தடுத்தவை உறைக்குள் மறைந்த ஒரு சிப்பும், தன் மறுப்பின் காரணத்தைச் சொல்லாத ஒரு டிரைவரும், பூட்டிய ஒரு குறுந்தகடும். கருவியின் வயது எங்கேயும் குறுக்கே நிற்கவில்லை.

கருவியின் மெனுவில் என்எம்இஏ-யிலிருந்து தயாரிப்பாளரின் மொழிக்கு மாற்றினேன். அங்கே வேகம் 9600, அதை நிரலே பார்த்துக்கொண்டது. புள்ளிகளைப் படி, ஜிபிஎஸ் தகவலுக்கான பொது வடிவமான ஜிபிஎக்ஸ் கோப்பாக எழுது என்று கட்டளை கொடுத்தேன். சில வினாடிகள். கருவியின் திரையில் தகவல் அனுப்பப்படுகிறது என்கிற செய்தி வந்து மறைந்தது. கோப்பைத் திறந்து எண்ணினேன். 143.

வரைபடத்தில் போட்டதும் ஓடையின் வளைவை ஒட்டிப் புள்ளிகள் வரிசையாக எழுந்தன. பெயர்கள்தான் புரியவில்லை. அந்தக் கருவியில் ஒரு பெயருக்கு ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் இடமில்லை. சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"ஓ, ஓ, டி, ஆர், மூணு. இது என்ன சித்தப்பா?"

"மூணாவது ஊத்து. கோடையிலயும் வத்தாது."

"கே, ஏ, எல், பி, எல், எம்?"

"கல்பாலம். பாலம்னு ஒன்னும் இல்ல, ரெண்டு பாறை நடுவுல ஒன்னு விழுந்து கிடக்கும். அதுமேல கடக்கலாம்."

அவர் சொல்லச் சொல்ல, கோப்பில் அந்தந்தப் புள்ளிக்கு எதிரே முழுப்பெயரைத் தமிழிலேயே தட்டிக்கொண்டு வந்தேன். ஜிபிஎக்ஸ் கோப்பில் எழுத்துக்கணக்கு எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஓடையை விட்டு ஒதுங்கி, மேட்டில் தனியாக ஒரு புள்ளி மட்டும் மிச்சமிருந்தது.

"என், ஐ, எல், ஏ, எல், ஒன்னு. இங்க என்ன இருந்துச்சு சித்தப்பா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அங்க ஒன்னும் இல்லடா. மத்தியானத்துல உட்கார நல்ல நிழல் இருந்துச்சு. அதையும் போட்டு வச்சேன்" என்றார்.